மாயாபந்தரில் உரம் போடாத கத்திரிக்காய்

கத்திரிக்காய்க்காகக் கடல் கடந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. நான்தான் முதல் ஆள். அதுவும் சமைப்பதற்கு இல்லை. காயவைத்து, அடுப்பில் கருக்கி, பொடித்து, டப்பாவில் அடைத்து, அதிலிருந்து எவ்வளவு கதிர்வீச்சு வருகிறது என்று எண்ணுவதற்கு.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் இருபத்தாறு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் பேராசிரியருக்கு ஒரு கேள்வி. நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. வாழைப்பழத்தில் உண்டு, அரிசியில் உண்டு, வாழைப்பழம் சாப்பிட்ட ஆளிடமும் உண்டு. பாஸ்பேட் உரம் பாறையிலிருந்து வருவதால் அதில் யுரேனியம் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வரும், பொட்டாஷ் உரத்தில் பொட்டாசியத்தோடு வரும். அப்படியானால் உரம் போட்ட காயில் கதிரியக்கம் கூடுமா, கூடாதா? இதுதான் கேள்வி.

இதற்கு உரமே காணாத ஒரு மண் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மண் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பயனில்லை, எங்கள் கடற்கரை மணலில் தோரியம் கலந்து கிடக்கிறது, அது எந்தக் கணக்கையும் குழப்பிவிடும். எனவே அந்தமான். பேராசிரியர் போவதாகத்தான் இருந்தது. அவருக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்ததால் நான் நகர்ந்தேன்.

"கத்திரிக்காய் வடசேரிச் சந்தையில கெடைக்காதா?" என்று கேட்டார் என் கணவர். இந்தப் பயணம் முழுக்க இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று அப்போது நினைத்தேன்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "இது என்ன?" என்றார் சோதனை அதிகாரி. மீட்டர் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்த திமிரில், "கதிர்வீச்சு அளக்கிற கருவி" என்றேன். அரை மணி நேரம் ஓரமாக நிற்கவைத்து, கல்லூரிக் கடிதத்தை மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தார்கள். எனக்குப் பின்னால் முழுப் பலாப்பழத்தோடு நின்றவர் ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போனார்.

போர்ட் பிளேருக்கு இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம். பலகையில் அப்படித்தான் இருந்தது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரை மரியாதையாக உச்சரித்தேன். அவர் திருச்சிப் பக்கத்துக்காரரின் மகன், பிறந்தது இங்கே. "பேரு சேஞ்ச் ஆயிடுச்சு மேடம். ரோடு வஹி, அதே ரோடுதான். எங்க போணும் சொல்லுங்க" என்றார்.

அபர்டீன் பஜாரில் இறக்கிவிட்டார். மதியச் சாப்பாடு மீன் குழம்பு. மீன் நேற்றுவரை கடலில் இருந்தது என்று நாக்குக்கே தெரிந்தது. கூடவே வைத்த அவரைக்காய்ப் பொரியல்தான் சவசவ என்று இருந்தது. எங்கள் ஊரில் மீன் பனிக்கட்டியில் ஊர் ஊராகச் சுற்றிக் களைத்து வரும், இங்கே அந்த வேலையைக் காய்கறி செய்கிறது.

சாப்பிட்டுவிட்டுத் தொழில் நிமித்தம் காய்க்கடைகளைச் சுற்றினேன். ஒரு கடையில் இரண்டு குவியல் கத்திரிக்காய். ஒன்று பெரிதாகப் பளபளவென்று, இன்னொன்று சிறிதாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"இது மெயின்லேண்ட் மால் மேடம், ஷிப்புல வந்த சரக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று பெரிய குவியலைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். சிறியது? "அது லோக்கல்." சொன்ன விதத்தில் அது காயின் பெயர் மாதிரி இல்லை, காய் செய்த குற்றம் மாதிரி இருந்தது. எங்கள் சந்தையில் நாட்டுக் காய் என்றால் தனி மரியாதை, விலையும் ஒரு படி மேலே. இங்கே தலைகீழ்.

இரண்டாம் நாள் விடிவதற்குள் மாயாபந்தருக்குப் பேருந்து. காட்டுக்குள் பழங்குடியினரின் பகுதி வருவதால் வண்டிகள் எல்லாம் வரிசை கட்டி, முன்னும் பின்னும் காவலோடுதான் போகவேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பேருந்து கை காட்டிய இடத்தில் எல்லாம் நிற்கும். ஐம்பது கிலோமீட்டர் நிற்காமல் போகும் அரசுப் பேருந்தில் நான் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன்.

காடு முடிந்ததும் ஒரு கடல் இடுக்கு. பேருந்தே படகில் ஏறி அக்கரை போகிறது. பயணிகள் இறங்கி நடந்து படகில் ஏறவேண்டும். எல்லோரும் ஏறினார்கள். நான் கரையில் ஒரு பெண்மணி வெள்ளரிக்காயைப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றேன். இன்னும் கொஞ்சம் உப்பு போடச் சொன்னேன். அந்த உப்பு போட்டு முடிவதற்குள் படகு கிளம்பிவிட்டது. அதில் பேருந்து. பேருந்தில் என் பெட்டி, என் கருவி, என் செருப்பு வைத்திருந்த பை.

அடுத்த படகில் அக்கரை போனபோது பேருந்து காத்துக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் பாதி வெள்ளரிக்காய் இருந்தது. அதைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் என் இருக்கைவரை நடந்தது இந்தப் பயணத்தின் நீண்ட நடை. பின் இருக்கையில் ஒருவர் ஹிந்தியில் பக்கத்து ஆளிடம், "மெயின்லேண்ட்காரங்களுக்கு இங்க எல்லாமே பிக்னிக்தான்" என்றார். அந்த அளவுக்கு ஹிந்தி எனக்குப் புரியும்.

மாலை மாயாபந்தர் போய்ச் சேர்ந்தேன். ஜெட்டி என்று இங்கே சொல்லும் ஒரு படகுத்துறை, சில அலுவலகங்கள், ஒரு பஜார், இவற்றுக்கு நடுவே எங்கே திரும்பினாலும் கடல்.

மூன்றாம் நாள் காலை செல்வம் ஸ்கூட்டரோடு வந்தார். விவசாய அலுவலகத்தில் களப் பணியாளர். அவருடைய அப்பா இராமநாதபுரத்திலிருந்து ஒரு காண்டிராக்டரோடு வந்தவர். "டென்ஷன் மத் லோ மேடம், கவலப்படாதீங்க. ரெண்டு தோட்டம். ஒண்ணு உரம் போடுற தாதா, ஒண்ணு போடாத அக்கா. மதியக் கானாவுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்.

உரம் போடுபவர் பிஸ்வாஸ் தாதா, பெங்காலிக் குடும்பம். தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கத்திரிக்குக் குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல வேளை தவறாமல் உரம் வைப்பதாகச் சொன்னார். மூட்டைகளையும் காட்டினார். தோட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு சாண் ஆழம் தோண்டி மண் எடுத்துக் கலந்தேன். நானே நின்று மூன்று கிலோ காய் பறித்தேன். கருவியை ஒரு சுற்றுக் காட்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். அங்கே வேடிக்கை பார்க்க ஆளில்லாததால் கருவியின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வேலி தள்ளிப் பூமணியின் தோட்டம். பூமணிக்கு நாற்பது வயது இருக்கும். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள். கணவர் போர்ட் பிளேரில் படகுப் பட்டறையில் வேலை, மாதம் ஒரு தடவை வருகிறார். வீட்டுச் செலவு முழுவதும் இந்தத் தோட்டம்தான். ஜெட்டிக்குப் போகும் வழியில் உள்ள கேண்டீன் தினம் ஒரு கூடை எடுத்துக்கொள்கிறது.

"உரமே போட்டதில்லையா?" என்று கேட்டேன். இயற்கை வேளாண்மை பற்றி ஒரு உரை வரும் என்று நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"மாட்டெருவும் மீன் கழிவும் போடுறது மேடம். உர மூட்டைய அவ்ளோ தூரம் யாரு தூக்கிட்டு வாறது? இருங்க, தேத்தண்ணி போடுறேன்" என்றாள்.

மண் எடுத்தேன். அதற்குள் வேலி ஓரம் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒரு பெண்மணி என் கருவியைப் பார்த்து ஹிந்தியில், "இது வேலை செய்யுதா, சும்மா பொட்டியா?" என்றார். இருபத்தாறு வருட அனுபவத்தை ஒருத்தி பெட்டி என்கிறாள். நான் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

டிக். டிக் டிக். டிக்.

வேலி ஓரம் ஓரடி பின்வாங்கியது. இது எங்கே வைத்தாலும் அடிக்கும், வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் எப்போதும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கிறது என்று விளக்கினேன். என் ஹிந்தி தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து வந்தது. அதில் மாமியாரோடு சண்டை போடலாம், இயற்பியல் சொல்ல முடியாது. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது, பசி வேறு. "காய நாளைக்குக் காலைல நானே பறிச்சு லாட்ஜுக்குக் கொண்டாந்து தாறேன் மேடம், நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க" என்றாள் பூமணி. மாதிரி எடுப்பவர் தோட்டத்தில் நின்று தன் கையால் பறிக்கவேண்டும் என்பது விதி. மாணவர்களுக்கு வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். சரி என்றேன்.

நாலாம் நாள் காலை பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தாள். உள்ளங்கை அளவு, கருநீலம், முகம் பார்க்கலாம். ஒரு காயில்கூடச் சொத்தை இல்லை. "உரம் போடாமலேயா இப்படி!" என்று வியந்தேன். பூமணி தலையைக் குனிந்துகொண்டாள். தன்னடக்கம் என்று நினைத்தேன். நறுக்கி லாட்ஜ் மொட்டை மாடியில் துணி விரித்துக் காயப்போட்டேன். பச்சையாக ஊருக்குத் தூக்கிப்போனால் வழியிலேயே அழுகிவிடும்.

காலைச் சாப்பாட்டுக்குக் கேண்டீனுக்குப் போனபோது வாசலில் பூமணி நின்றாள். காலடியில் கூடை, நிறைந்தபடியே.

கேண்டீன்காரர் சோலையப்பன், மதுரைப் பக்கம். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம். நான் ஒண்ணும் சொல்லல. கஸ்டமர் சொல்றான்" என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"அந்தக்கா மண்ணுல உங்க மிஷினு கத்துச்சாம். பிஸ்வாஸ் தாதா தோட்டத்துல கம்முனு இருந்துச்சாம். உரம் போட்டா கதிர் அடங்கிடும், போடாட்டி வெளிய வந்துடும்னு பஜார் பூராம் பேச்சு. நேத்து ராவுல இருந்து இதே கதைதான்."

எங்கள் பேராசிரியர் மூன்று வருடமாகத் தேடும் முடிவை மாயாபந்தர் பஜார் ஒரே நாளில் எட்டியிருந்தது, அதுவும் தலைகீழாக.

தாதா தோட்டத்தில் சத்தத்தை அணைத்திருந்தேன், பூமணி தோட்டத்தில் போட்டிருந்தேன், வேறு வித்தியாசம் இல்லை என்றேன். "அச்சா அச்சா" என்றார் சோலையப்பன். "ரிப்போர்ட் வந்துரட்டும் மேடம், அப்பறம் எடுத்துக்கிறேன்."

"ரிப்போர்ட் வர மூணு மாசம் ஆகும். பொடியை மூடி வச்சே ஒரு மாசம் காத்திருக்கணும்."

"வரட்டும். நமக்கென்ன ஜல்தி."

அப்போதுதான் பூமணி வாய் திறந்தாள். "மூணு மாசம் கத்திரிக்கா செடியில நிக்குமா அண்ணே? நான் நிப்பேனா?" கத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நிமிடப் பெருமைக்கு ஒரு சுவிட்சைத் தட்டினேன், அதற்கு இவள் கூடை திரும்பி வருகிறது.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். முடிவு வரும்வரை காய் நல்லது என்றோ கெட்டது என்றோ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். பின் எதற்குப் பயப்படுகிறார்கள் என்றார். சத்தம் வைத்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவர் முதுகைத் தடவிக்கொள்வது தெரிந்தது.

வாயால் சொல்லத்தானே கூடாது, கருவியே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். கேண்டீனில் நின்று சத்தத்தைப் போட்டேன். பூமணியின் கூடை மேல் காட்டினேன். டிக், டிக். வாசல் மண்ணில் காட்டினேன். டிக், டிக். பார்த்தீர்களா, எங்கும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே சோலையப்பனின் கல்லா மேடைக்குக் கொண்டுபோனேன். அது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கிரானைட் பலகை. கிரானைட்டில் இயற்கையாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன். கருவி டிக்டிக்டிக்டிக் என்றது.

தோசை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் தட்டோடு வெளியே போய்விட்டார்கள். சோலையப்பன் பழைய மெழுகுத் துணியைக் கொண்டுவந்து மேடையை மூடினார். "மேடம், நாஷ்தா முடிச்சுட்டுக் கிளம்புங்களேன்" என்றார்.

ஆறுதலுக்காக, எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் இதைவிடப் பல மடங்கு அடிக்கும், அங்கேதான் பிறந்து வளர்ந்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். என் பெஞ்சில் இருந்தவரும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம். "அண்ணாச்சி, அந்தக் கூடையில இருந்து காய எடுத்துச் சமைச்சுப் போடுங்க. நான் சாப்பிடுறேன். நாளைக்கும் சாப்பிடுறேன். எல்லாரும் பார்க்கட்டும்" என்றேன்.

சோலையப்பன் யோசித்தார். "இங்கயே ஒக்காந்து சாப்பிடுவீங்களா?"

"இங்கேயேதான்."

சந்தேகம் வராமல் இருக்க நானே கூடையிலிருந்து காய்களை எடுத்துக் கொடுக்கப் போனேன். கையில் வந்தது பச்சையும் ஊதாவும் கலந்த, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய காய். அடுத்ததும் அப்படியே, ஓட்டையோடு. கூடையைக் கிளறினேன். உள்ளங்கை அளவில் ஒன்றுகூட இல்லை.

பூமணியைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். "காலைல கொண்டுவந்தீங்களே, அது எந்தச் செடி?"

குழாயை இறுக்கி மூடினாள். "அது பஜார்ல வாங்குனது மேடம். மெயின்லேண்ட் மால்."

"ஏன்?"

"டெஸ்டுக்குப் போவுதுன்னு சொன்னீங்க. காலேஜுல பெரிய ஆளுங்க எல்லாம் பாப்பாங்க. நம்ம காயி சொத்தையும் பொத்தலுமா இருக்கு. அதக் குடுத்து ஃபெயிலாயிட்டா நல்லாவா இருக்கும்? நம்ம தமிழாளு தோட்டம்னு வேற எழுதிக்கிட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடை விற்ற காசில்தான் வீடே ஓடுகிறது, அப்படியும் விருந்தாளிக்கு நல்லதைத் தரவேண்டும் என்று கடையில் வாங்கி வந்திருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால், மெயின்லேண்டில் எங்கோ மூட்டை மூட்டையாக உரம் தின்ற காய், உரமே காணாத தீவுக் காய் என்று எங்கள் ஆய்வறிக்கையில் ஏறியிருக்கும். விதியை மீறியது நான். ஆகவே அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

"பூமணி, இது பரீட்சை இல்ல. உங்க காயி எப்படி இருக்கோ அப்படியே வேணும். சொத்தையும் வேணும்."

"சொத்தையுமா?" என்றாள். படித்தவர்களைப் பற்றி அவளுக்கு இருந்த மதிப்பு அந்த இடத்தில் சற்றுக் குறைந்திருக்கலாம்.

கேண்டீனில் நடுவில் உட்கார்ந்து எண்ணெய்க் கத்திரிக்காய் சாப்பிட்டேன். சின்னக் காய்தான், ஆனால் ருசி இருந்தது. வெளியே பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். கண்காட்சியில் வைத்த மிருகத்துக்கும் இவ்வளவு கூட்டம் கூடாது. எனக்குப் பரிமாறியதைத் தங்களுக்கும் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கடைசி வாய் சாப்பிட்டதும் கலைந்து போனார்கள், நாளைக்கு வந்து பார்ப்பதாக ஒருவர் சொல்லிவிட்டே போனார்.

மதியம் தோட்டத்துக்குப் போய் என் கையாலேயே மூன்று கிலோ பறித்தேன். லாட்ஜுக்கு வந்தால், மொட்டை மாடியில் காய்ந்த பழைய துண்டுகளைச் சமையல்காரம்மா உப்பும் மோரும் தெளித்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "வத்தலுக்கு உப்பு போடாம யாராச்சும் காய வைப்பாங்களா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவற்றை அவருக்கே கொடுத்துவிட்டேன். அறிவியலுக்கு நஷ்டமில்லை. புதிய துண்டுகளைப் பரப்பி, தொடக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதிவைத்தேன்.

இந்த நல்ல நாளைக் கெடுத்தது என் நாக்கு. மாலையில் பஜார் மூலையில் ஒரு பெங்காலிக்காரர் புச்கா விற்றார், நம் ஊர் பானி பூரியின் அண்ணன். நான்கு சாப்பிடலாம் என்று நின்றவள் பன்னிரண்டில் நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள் விடியும்போது வயிறு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வேறு ஊர் என்றால் படுத்துக்கொண்டு புலம்பியிருப்பேன். இங்கே முடியாது. எட்டு மணிக்கு லாட்ஜ் வாசலில் இரண்டு பேர் வந்து, "மேடம் எழுந்தாச்சா, எப்டி இருக்காங்க?" என்று விசாரித்தது காதில் விழுந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று தெரிந்தால் பூமணியின் கதை அன்றோடு முடிந்தது. புச்கா என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கத்திரிக்காய் என்றுதான் பஜார் சொல்லும்.

முகத்தைக் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்து, முதுகை நிமிர்த்தி மாடிப்படி இறங்கினேன். "குட் மார்னிங்" என்றேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செய்தி சொல்லப் போனார்கள்.

கேண்டீனில் மதியம் கத்திரிக்காய்க் கூட்டு. பூமணி தண்ணீர்ச் செம்போடு எதிரில் நின்றாள். முதல் வாயில் என் நெற்றி வியர்த்ததை அவள் பார்த்துவிட்டாள். குனிந்து மெல்ல, "வகுறு சரியில்லியா?" என்றாள். கண்ணாலேயே ஆமாம் என்றேன். "நம்ம காயாலயா?" என்றாள், முகம் வெளுத்துவிட்டது. "புச்கா. பன்னிரண்டு" என்றேன். அவளுக்கு உயிர் வந்தது.

சாப்பாட்டின் நடுவே எழுந்தாகவேண்டிய நிலை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பூமணி உரக்க, "மேடம் கோயிலுக்குப் போயிட்டு வாறாங்க, நேரம் பாத்து சாமி கும்புடுறவங்க" என்றாள். கேண்டீன் பின்னால் ஒரு சின்ன முருகன் கோயில், அதன் பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்தவர் வீடு. அன்று நான் நான்கு தடவை கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து நேராக நடந்து, சிரித்து, இரண்டு வாய் சாப்பிட்டேன். இவ்வளவு பக்தியான விஞ்ஞானியைப் பார்த்ததில்லை என்று சோலையப்பன் யாரிடமோ சொன்னார்.

அந்த வீட்டுப் பின்கட்டில் பூமணி என் உள்ளங்கையில் தேயிலைத் தூளைக் கொட்டி, "அப்படியே வாயில போட்டு தண்ணிய ஊத்துங்க. எங்க எஸ்டேட்டு வைத்தியம்" என்றாள். கரி மாதிரி கசந்தது. அரை மணியில் வயிறு சற்று அடங்கியது.

மூன்றாவது தரிசனம் முடிந்து நான் வந்து உட்கார்ந்தபோது, ஒரு படகுக்காரர் என் எதிரில் அமர்ந்தார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோலை பாய், அந்த மேடம் சாப்பிடுறது எனக்கும் ஒரு பிளேட்" என்று ஹிந்தியில் சொன்னார். சோலையப்பன் கொண்டுவந்து வைத்தார். படகுக்காரர் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். கதிரியக்கம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு பேர் கேட்டார்கள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. வயிற்று வலி என்று நினைத்துவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் திரும்பும் பேருந்து. நிற்காத காடு எனக்கு முன்னால் கிடந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் என் மடியில் இருந்தது, வேண்டாத தெய்வம் இல்லை, வெள்ளரிக்காய் விற்ற பெண்மணி கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் வந்து, எல்லாவற்றையும் உலர்த்தி, பொடித்து, டப்பாவில் அடைத்து மூடினேன். மூன்று கிலோ கத்திரிக்காய் கடைசியில் ஒரு கைப்பிடி. டப்பாக்கள் அலமாரியில் காத்திருந்த ஒரு மாதமும் மாயாபந்தருக்குப் போன் போட எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று தட்டுக் கூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் கிளம்பிய மறுநாளே பழைய பேச்சு திரும்பியிருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்தது. தாதாவின் மண்ணில் பூமணியின் மண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல், உரத்தின் கைவேலை. காயில் பார்த்தால் இரண்டுக்கும் பிரித்துச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. செடி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மண்ணிலேயே விட்டிருக்கிறது. இரண்டு காயுமே தைரியமாகச் சாப்பிடலாம். பேராசிரியர் இனிச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்த அன்று காலையே பூமணிக்குப் போன் போட்டேன்.

"பூமணி, ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க காயி பாஸ்." அவளுக்குப் புரியும் கணக்கில் சொன்னேன்.

"அப்படியா அக்கா!" என்றாள். மேடம் அக்காவாகியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தாதாவோடது?"

"அதுவும் பாஸ்."

"ஓ." அந்த ஓவில் ஏமாற்றம் நன்றாகத் தெரிந்தது. "ரெண்டுமே பாஸா?"

"ரெண்டுமே."

"அப்ப எதுக்குக்கா அவ்ளோ தூரம் வந்து, வகுறும் கெட்டு, என்னையும் அந்தப் பாடு படுத்துனீங்க?"

நான் ஒரு விளக்கத்துக்காகத் தொண்டையைச் செருமினேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கும் ஒருவர் போய்த் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்ல இருந்தேன். பாதி வாக்கியம்கூட ஆகவில்லை.

"இருங்கக்கா, கேண்டீன்ல இருந்து சோலை அண்ணே ஆள் அனுப்பியிருக்காரு. காலைல குடுத்த கூடை பத்தலையாம். வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.